கடைசி விளம்பர இடைவேளை

அவர் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், ஒரு சீட்டை நான்காக மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தது. மடித்த ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு முறை நீவினார். டப்பாவைத் தூக்கினார், வைத்தார், பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"எட்டிப் பாக்கற வேலையெல்லாம் வேணாம் புள்ளி. டப்பா எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு எனக்குத் தெரியும்."

"பாத்து என்ன ஆகப் போகுது? எப்படியும் தப்பாத்தான் எழுதியிருப்பீங்க," என்றாள் அவள். தன் சீட்டை அவள் முன்பே எழுதி டப்பாவின் மறுபக்கம் செருகிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை, இரவு பத்து முப்பத்தைந்து. தொலைக்காட்சியில் 'மூன்றாவது ஷிப்ட்' என்ற போலீஸ் தொடரின் கடைசி விளம்பர இடைவேளை. கொலை செய்தது யார் என்று இருவரும் அந்த இடைவேளைக்குள் எழுதி வைத்துவிட வேண்டும். தொடர் முடிந்ததும் சேர்ந்து உட்கார்ந்து பிரிக்க வேண்டும். தோற்றவர் டீ போட வேண்டும். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் நடந்த ஒரே சட்டம் அதுதான். ராத்திரி பதினோரு மணிக்கு டீ குடித்தால் தூக்கம் எப்படி வரும் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு இருவரும் பதில் சொன்னதே இல்லை.

அவர் லிப்ட் மெக்கானிக். அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவள். கல்யாணமான புதிதில், அவர் எழுதி வைத்திருந்த மளிகைச் சாமான் பட்டியலில்கூட அவள் புள்ளி வைத்துத் திருத்தினாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் புள்ளிதான்.

சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நாலு தெரு தள்ளி இருந்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் வாட்ச்மேன். லிப்ட் நின்றுபோய்விட்டது, உள்ளே ஆள் யாரும் இல்லை என்றார்.

"அந்தக் கிழமா," என்று அவர் போனை வைத்துவிட்டுப் பையைத் தேடினார். "மூணாவது மாடியில எப்பவும் ஒரு அங்குலம் கீழ நிக்குமே, அதே லிப்ட்தான். அஞ்சு தடவை சரி பண்ணிட்டேன். ஒரு வாரம் நல்ல பிள்ளையா இருக்கும், அப்புறம் பழைய குருடி கதைதான்."

"ஆள்தான் உள்ள இல்லையே. காலைல போகக் கூடாதா?"

"காலைல ஆபீஸ் போற கூட்டம் என்னை உரிச்சுத் தொங்க விட்டுடும்."

"அப்ப ஓடிப் போய் ஓடி வாங்க. முடியறதுக்குள்ள வரலைன்னா நீங்க தோத்துட்டதா அர்த்தம். டீ உங்க தலையில."

அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார். ஸ்கூட்டர் மூன்றாவது உதையில் கிளம்பியது. கடைசிப் பகுதி ஆரம்பமாகிவிட்டதால் அவள் வாசல்வரைகூடப் போகவில்லை.

கொன்றது மருந்துக்கடைக்காரர். அவள் எழுதியிருந்ததும் அதுவேதான். சரியாகப் பத்து ஐம்பத்து மூன்றுக்கு, ஆள் இல்லாத கூடத்தில் அவள் ஒரு முறை கை தட்டினாள், வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அவர் வந்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்தபடி காத்திருந்தாள். பன்னிரண்டு பத்துக்கு மறுபடியும் போன் அடித்தது.

*

லிப்ட்டுக்கான மோட்டார் மொட்டை மாடியில் ஓர் அறையில் இருக்கும். லிப்ட் நின்றுபோனால் அதைச் சரிசெய்ய வருகிறவன் படியில்தான் ஏறிப் போக வேண்டும். "ஊரையெல்லாம் லிப்ட்ல ஏத்தி விடறேன், என் பொழைப்பு மட்டும் படியில," என்று அவர் சொல்வதுண்டு. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் படி திரும்பும் இடத்தில் அவர் சாய்ந்து கிடந்தார். பதினொன்று நாற்பதுக்குக் குப்பைக் கூடையை வெளியே வைக்க வந்த ஒரு பெண் சத்தம் போட்டாள். மாரடைப்பு என்றார் டாக்டர். படியில் வேகமாக ஏறினாரா என்று கேட்டார். வாட்ச்மேன் விசாரணையில் சொன்னது இதுதான்: பத்து நாற்பதுக்கு வந்தார், வந்ததும் நேராக மேலே போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்திருந்த நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்தபடி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டாள். "எங்கண்ணன் நிதானமான ஆளாச்சே. ஒரு படிக்கு ஒரு தரம் நின்னு பேசிட்டுப் போறவன். அவனுக்கு என்ன அப்படி அவசரம்?"

சமையலறையில் அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினாள்.

பிழை திருத்துகிறவளுக்கு இரண்டு வரியை ஒத்துப் பார்ப்பதுதான் வேலை. பத்து நாற்பதுக்குப் படியேறத் தொடங்கினார், பதினொன்று நாற்பதுக்குக் கண்டார்கள் என்பது ஒரு வரி. பத்து ஐம்பத்து மூன்றுக்குக் கை தட்டினேன் என்பது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் இருப்பது தானாகத் தெரிந்தது. ஓடிப் போய் ஓடி வாங்க என்று சொன்னவள் அவள். அவர் ஓடியிருக்கிறார். அவர் படியில் தனியாகக் கிடந்தபோது அவள் வீட்டில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எத்தனை முறை படித்துப் பார்த்தாலும் அதில் திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை.

சர்க்கரை டப்பாவை அவள் நகர்த்தவே இல்லை. இருந்த இடத்திலேயே மூடியைத் திறந்து ஸ்பூனால் எடுத்தாள். தீர்ந்தபோது அதே இடத்தில் வைத்தே நிரப்பினாள். துடைக்கும் துணி டப்பாவைச் சுற்றிப் போய்வந்தது. அடியில் இருந்த சீட்டைப் பிரிக்க இருவரும் வேண்டும், அதுதானே சட்டம்.

*

அந்தத் தொடரை அவர்கள் முதன்முதலாகப் பார்த்தது ஓர் ஒற்றை அறை வீட்டில், யாரோ கழித்துக் கட்டிய டிவியில். அதில் எல்லோரும் பச்சையாகத் தெரிவார்கள். தொடரின் இன்ஸ்பெக்டருக்கு வயிற்றுப் புண் என்பதால் பச்சை முகம் அவருக்கு மட்டும் பொருத்தமாக இருந்தது. நாற்பத்தைந்து வயது, லேசான தொந்தி, சரியாகத் தேய்க்காத சட்டை. விசாரணையில் அவர் கத்தமாட்டார். பையிலிருந்து மாத்திரை டப்பியை எடுத்துக் காதருகே குலுக்குவார், ஒன்றும் பேசாமல் எதிரே இருப்பவனைப் பார்ப்பார். அந்தக் கிலுகிலு சத்தத்தைத் தாங்க முடியாமல் அவனே பேசிவிடுவான். இன்ஸ்பெக்டருக்குத் தொடரில் ஒரு நல்ல பெயர் இருந்தது. இந்த வீட்டில் அவர் 'மாத்திரை'. அந்தப் பெயரை வைத்தது அவள் கணவர்.

தொடரில் தெருக்கள் எப்போதும் நனைந்தே கிடக்கும். ஸ்டேஷன் வராந்தாவில் ஒரு டியூப்லைட் பதினோரு வருஷமும் துடித்துக்கொண்டே இருந்தது, மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அடிக்கிற போலீஸ்காரர்கள் அதில் இருந்தார்கள், வாங்குகிற போலீஸ்காரர்களும் இருந்தார்கள். பாதி வழக்குகளில் யார் செய்தது என்று தெரிந்தும் சாட்சி இல்லாமல் விட வேண்டி வரும். ஒவ்வொரு வாரமும் கடைசியில் மாத்திரை ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்புவார். வண்டி இருமும், கிளம்பாது. அதோடு எழுத்து ஓடத் தொடங்கும்.

"படுக்கப் போற நேரத்துல பிணத்தைப் பாத்துட்டுப் படுக்கறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று நாத்தனார் கேட்டிருக்கிறாள்.

"பிணம் முதல் அஞ்சு நிமிஷம்தான். மிச்ச நேரம் முழுக்க உயிரோட இருக்கறவங்க படற பாடு," என்றார் அவர்.

பார்க்கும்போது அவர் சும்மா இருக்க மாட்டார். தொடரில் லிப்ட் வந்தால் போச்சு. "ரெண்டு மாடி போக இவ்வளவு நேரமா? வசனம் முடியலைன்னு லிப்ட் காத்திட்டிருக்கு பாரு." அவள் மட்டும் என்ன, குறைந்தவளா. மாத்திரையின் மேஜைமேல் இருந்த புகார் மனுவில் போன வருஷத் தேதி என்பாள். சுவர்க் காலண்டரில் மாதம் முப்பத்தொரு நாள், ஆனால் கதை நடப்பதோ முப்பது நாள் மாதத்தில் என்பாள். ஒரு முறை இதை ஒரு கடிதமாகவே எழுதிச் சேனலுக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து ஸ்டேஷன் சுவரில் காலண்டரைக் காணோம், ஆணி மட்டும் இருந்தது. அவருக்கு அதில் வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சரிசெய்யப் போன கட்டடத்தில் எல்லாம், "எங்க வீட்டம்மா ஒரு லெட்டர் போட்டாங்க, போலீஸ் ஸ்டேஷன்லேருந்தே காலண்டரைத் தூக்கிட்டாங்க," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தொடரில் வந்த பெண் ஏட்டு ஒரு வாரம் செத்துப் போனாள். பாலத்துக்குக் கீழே, மழையில், தொப்பி தனியாக உருண்டு கிடந்தது. அன்றைக்குச் சீட்டைப் பிரிக்கவே இல்லை. யார் டீ போடுவது என்ற பேச்சும் எழவில்லை. இருவரும் அடுப்படியில் போய் நின்றார்கள். அவர் பால் ஊற்றினார், அவள் தூளைப் போட்டாள். "நல்ல பொண்ணு," என்றார் அவர், பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்வதைப் போல.

அவர் போன பிறகும் தொடர் சில வாரங்கள் ஓடி முடிந்தது என்று கேள்விப்பட்டாள். எப்படி முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமைகளில் ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

*

பதினோரு மாதம் கழித்துக் கட்டடத்தின் செயலாளர் போன் செய்தார். மோட்டார் அறைச் சாவி ஒன்று அவள் கணவருடைய சாவிக்கொத்தில் இருந்ததாம். புது மெக்கானிக்குக் கொடுக்க வேண்டும், சிரமம் பார்க்காமல் வாட்ச்மேனிடம் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார். யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்த வாட்ச்மேனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்கப் பயந்துதான் அவள் அத்தனை மாதமும் பஸ் பிடிக்கக்கூட வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை இருக்கும். கேட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட சின்ன அறை. வாட்ச்மேன் அறுபதைத் தாண்டியவர், யூனிபாரம் சட்டைக்குக் கீழே கைலி கட்டியிருந்தார். அவளைக் கண்டதும் மேஜைக்கடியில் அவசரமாகக் கைவிட்டு எதையோ அணைத்தார். பேச்சுச் சத்தம் நின்றது. சாப்பாட்டுக் கூடை அளவுக்கு ஒரு டிவி, மேலே ஒரு துண்டு.

"செகரட்டரியோன்னு பயந்துட்டேன்மா. ஒண்ணுமில்ல, சும்மா... அந்த மாத்திரை நாடகம்தான். சாயங்காலத்துல மறுபடி மொதல்லேருந்து போடறான்."

அவள் சாவியை நீட்டினாள். யார் என்று சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்கம்மா. நல்ல மனுஷன். வர்றப்பல்லாம் என்னைக் கேலி பண்ணாமப் போக மாட்டார்."

"அவர் அன்னிக்கு ஓடினாரா?" என்று அவள் கேட்டாள். பதினோரு மாதம் மனசுக்குள் எழுதி எழுதி அடித்த கேள்வி. கடைசியில் மூன்றே வார்த்தையாக வந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் ஓடலம்மா. வந்தார், போனார். அப்பவே சொல்லிட்டேனே."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது.

"இப்ப அந்த நாடகத்துக்கு என்ன பேர் சொன்னீங்க?"

"எது? மாத்திரை நாடகம்."

"அதோட பேரு 'மூன்றாவது ஷிப்ட்'. மாத்திரைங்கறது எங்க வீட்டுப் பேரு. எங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு யார் சொன்னது?"

வாட்ச்மேன் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கையில் குலுக்க மாத்திரை டப்பி இல்லை, சாவிதான் இருந்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் போய்க் கேட்டைத் திறந்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோதும் அவள் அப்படியே இருந்தாள்.

"வேலை போய்டும்னு பயம்மா," என்றார் அவர். "டியூட்டில டிவி பாக்கக் கூடாது. போலீஸ் கேட்டப்ப செகரட்டரி பக்கத்துலயே நிக்கறார். வந்தார், நேரா மேல போய்ட்டார்னு சொல்லிட்டேன். சொன்னதை அப்புறம் எப்படி மாத்தறது?"

"அப்ப அவர் நேரா மேல போகலையா?"

"எங்க போனார். உள்ள நுழைஞ்சதும் டிவி சத்தம் கேட்டுது. அட, இங்கயும் மாத்திரையான்னார். விளம்பரம் முடிஞ்சு கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. லிப்ட்ல ஆள் இல்லதானேன்னு ரெண்டு தரம் கேட்டார். இல்லன்னேன். அப்ப அது கொஞ்ச நேரம் தொங்கட்டும், அதுக்கும் ஓய்வு வேணும்னார். நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே ஸ்டூல்தான். கடைசி வரைக்கும் பாத்தார். ஜீப் இருமுதே, அது வரைக்கும்."

அவள் ஸ்டூலின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"மருந்துக்கடைக்காரன்தான்னு தெரிஞ்சதும் தலையில அடிச்சுக்கிட்டார். டிரைவர்னு எழுதி வச்சுட்டு வந்திருக்கேன், போச்சு, அவ கரெக்டா எழுதியிருப்பா, இன்னிக்கு டீ நான்தான் போடணும்னார். எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம்தான் உங்க சீட்டு விளையாட்டெல்லாம் சொன்னார். காலண்டர் கதையும் சொன்னார்."

"அதையுமா?"

"அதை எனக்கு மூணாவது தடவையா சொல்றார்மா. நான் மொதல் தடவை கேக்கற மாதிரி கேட்டுக்கிட்டேன்." அவர் லேசாகச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். "போறப்ப சொன்னார், நான் இங்க உக்காந்து பாத்தேன்னு எங்க வீட்டம்மாகிட்ட மூச்சு விட்டுடாதீங்க, தெரிஞ்சா வீட்டுல கொலை விழும், பாக்காத மாதிரி நடிக்கணும்னார். பையைத் தோள்ல போட்டுக்கிட்டு மெதுவாத்தான் ஏறினார். சீட்டியடிச்சுக்கிட்டே போனார். மூணாவது மாடி வரைக்கும் எனக்குக் கேட்டுது."

"அப்ப மணி என்ன?"

"பதினொண்ணு தாண்டியிருந்தது. லிப்ட் ஓடக் காணோமேன்னு நினைச்சேன். ரிப்பேர் பெருசு போலன்னு இருந்துட்டேன். மேல போய் ஒரு எட்டுப் பாத்திருக்கலாம். முட்டி வலி. போகலை." அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதையும் நான் யார்கிட்டயும் சொல்லலைம்மா."

அவளுக்குள் வரிகள் இடம் மாறின. பத்து ஐம்பத்து மூன்று. அந்த நிமிஷத்தில் அவர் படியில் கிடக்கவில்லை. இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், தலையில் அடித்துக்கொண்டார். அவள் அங்கே கை தட்டியதும் அவர் இங்கே தலையில் அடித்துக்கொண்டதும் ஒரே காட்சிக்கு. அவள் சிரித்தபோது அவர் உயிரோடு இருந்தார், அதுவும் தோற்றுப்போய்.

நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். முதலில் வந்தது கோபம். பதினோரு வருஷத்தில் கடைசிப் பகுதியை ஒருவரை விட்டு ஒருவர் பார்த்ததில்லை. தனியாகப் பார்த்தேனே என்று அவள் இத்தனை நாளும் செத்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் என்னடாவென்றால் நாலு தெரு தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நடிக்க ஒத்திகை வேறு பார்த்திருக்கிறார். "பொய்க்காரன்," என்றாள் மெல்ல. அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வாட்ச்மேன் எழுந்து போய், திறக்க வேண்டிய வண்டி எதுவும் இல்லாத கேட்டின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். "இதை எழுதிக்கொடுங்கன்னு நான் கேக்க மாட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள்.

"அரைமணி முன்னாடியே ஏறியிருந்தா நாலு பேர் முழிச்சிருந்திருப்பாங்க, யாராவது பாத்திருப்பாங்கன்னு சில நாள் தோணும்மா. நான்தானே உக்காருங்கன்னேன்."

அவரை இனிமேல் தூங்கவிடாமல் செய்யப் போவது அந்த அரைமணிதான் என்பது அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாள் அந்தப் பாரம் அவளிடம் இருந்தது.

"அவர் நிக்கணும்னு நினைச்சா யார் சொன்னாலும் நகர மாட்டார். நீங்க சொல்லித்தான் உக்காந்தார்னு நினைக்காதீங்க," என்றாள். பிறகு, "நான் ஒரு தரம் மேல போய்ட்டு வரலாமா?" என்று கேட்டாள்.

"லிப்ட் ஓடுதும்மா."

"படியில போறேன்."

மெதுவாக ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்றாள். ஏழாவதைத் தாண்டிப் படி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. தரை சாதாரணச் சிமென்ட் தரை. மூலையில் யாரோ பழைய பேப்பர்க் கட்டை வைத்திருந்தார்கள். மேலாக இருந்த பேப்பரில் தேதி தலைகீழாகத் தெரிந்தது. இங்கே அவர் தனியாகத்தான் இருந்தார், அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. டீ போட வேண்டுமே என்ற நினைப்போடு இருந்திருப்பார், அவ்வளவுதான். இருட்டத் தொடங்கும்வரை அவள் அங்கே நின்றாள். வீட்டில் இருக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். அதைப் பிரிக்க வேண்டியதில்லை. டப்பாவை நகர்த்தித் துடைக்கலாம்.

ஏழாவது மாடிக்கு இறங்கி லிப்ட்டுக்குப் பொத்தானை அழுத்தினாள். புதுக் கம்பெனியின் பெயர் போட்ட தகடு உள்ளே பளபளத்தது. லிப்ட் முனகிக்கொண்டே இறங்கி, மூன்றாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. கையில் பையோடு நின்ற ஒரு பெண், கீழே பார்க்காமலே, பழக்கத்தில் ஒரு அங்குலம் காலைத் தாழ்த்தி வைத்து உள்ளே வந்தாள்.